ஆற்றடியில் நிற்கும் பாக்கி

"கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டி ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆற்றில் விடும் பாஸ்பரஸைப் பெருமளவு குறைத்துவிட்டதாக நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் இந்தக் கோடையிலும் ஆறு ஏன் பச்சையாகவே கிடக்கிறது?"

ஒரு பொதுக்கூட்டத்தில் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் எழுந்து கேட்ட கேள்வி இது. மேடையில் இருந்தவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். கடல் ஏறி இறங்கும் ஆறு ஒன்றில் பதினொரு ஆண்டுகளாக நீர் மாதிரி எடுத்துச் சோதிப்பது என் வேலை. அங்கே பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். "பல காரணங்கள் இருக்கின்றன, ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது" என்று சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். இனி இவர்களிடம் கேட்டுப் பயனில்லை என்று முடிவு செய்துவிட்டவரின் தலையசைப்பு அது. இன்றுவரை என்னை உறுத்துகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடியதாக இல்லை, அவ்வளவுதான். அதைத்தான் இங்கே முழுமையாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில், பச்சை என்றால் எவ்வளவு பச்சை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆற்று நீரைக் கண்ணாடி இழையால் ஆன சிறு வட்ட வடிதாளின் வழியே உறிஞ்சி இறக்குவோம். தாளில் தங்கியதை அசிட்டோனில் ஊறவைத்தால் பாசியின் பச்சையம் கரைந்து வெளியே வரும். அந்தக் கரைசலை ஒளிமானியில் வைத்து, ஒரு லிட்டர் ஆற்று நீரில் எத்தனை மைக்ரோகிராம் பச்சையம் என்று கணக்கிடுவோம். குளிர்மாதங்களில் தாள் வண்டலின் மங்கிய பழுப்பு நிறத்தில் இருக்கும். ஒரு லிட்டர் நீர் தடையின்றி இறங்கும். கோடையின் உச்சத்தில் கால் லிட்டர் இறங்குவதற்குள் தாள் அடைத்துக்கொள்ளும், நிறமோ நட்ட வயலைப் போல இருக்கும். எண்ணைப் பார்க்கும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும்.

பாசி பகலில் ஆக்சிஜன் தருகிறதே, அதனால் என்ன கேடு என்று சிலர் கேட்பதுண்டு. பிற்பகல் மூன்று மணிக்கு ஆக்சிஜன் மானியை இறக்கினால் அவர்கள் சொல்வது உண்மைதான். நீர் தாங்கக்கூடிய அளவையும் தாண்டி ஆக்சிஜன் ததும்பும். அதே இடத்தில் விடியலுக்குச் சற்று முன்பு இறக்கிப் பார்க்க வேண்டும். இரவெல்லாம் பாசியும் சுவாசிக்கிறது, இறந்த பாசியைத் தின்னும் நுண்ணுயிர்களும் சுவாசிக்கின்றன. மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும் காட்சியை ஒருமுறை அந்த அரை இருட்டில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நீலப்பச்சைப் பாசியாக இருந்தால் இன்னொரு துன்பமும் சேரும். மைக்ரோசிஸ்டிஸ் என்ற வகை உண்டாக்கும் நஞ்சு ஈரலைத் தாக்கும். நீரைக் கொதிக்கவைத்தாலும் அது அழியாது.

இத்தனையும் எதிலிருந்து வருகிறது? கணக்கு எளிமையானது. மிதக்கும் பாசியின் உடலில் 106 கரியணுவுக்கு, அதாவது கார்பன் அணுவுக்கு, 16 நைட்ரஜன் அணுவும் 1 பாஸ்பரஸ் அணுவும் இருக்கும் என்பதை ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் என்ற கடலியலாளர் கடல் நீரை ஆராய்ந்து கண்டார். அந்த விகிதத்தை வைத்துப் பெருக்கிப் பாருங்கள். ஆற்றில் சேரும் ஒரு கிராம் பாஸ்பரஸ் ஏறத்தாழ 41 கிராம் கரியைப் பாசியாகக் கட்டும். அந்தப் பாசி செத்து முழுவதுமாக மக்குவதற்கு 140 கிராமுக்குக் குறையாமல் ஆக்சிஜன் தேவை. வெதுவெதுப்பான நன்னீர் ஒரு லிட்டரில் எட்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் ஆக்சிஜன் கரைந்திருக்கும். ஆக, ஒரு கிராம் பாஸ்பரஸ் கிட்டத்தட்ட பதினேழாயிரம் லிட்டர் நீரின் மூச்சை நிறுத்த வல்லது. மனித உடல் ஒன்று ஆண்டுக்கு வெளியேற்றும் பாஸ்பரஸ் சுமார் அரைக் கிலோ, நைட்ரஜன் சுமார் நான்கு கிலோ. ஒரு நகரத்தின் மக்கள்தொகையால் இதைப் பெருக்கிப் பார்த்த நாளில்தான் என் வேலையின் கனம் எனக்குப் புரிந்தது. வயலுக்கு இடும் உரமும் கால்நடைப் பண்ணைகளின் எருவும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

நைட்ரஜன், பாஸ்பரஸ் என்ற இந்த இரண்டு சத்துகளில் எதைக் குறைப்பது என்ற கேள்வி அடுத்தது. எது முதலில் தீர்ந்துபோகிறதோ அதுவே பாசிக்கு எல்லை போடும். 1973-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 226 என்று எண்ணால் மட்டுமே அழைக்கப்படும் ஒரு சிறு ஏரியை டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும் தடித்த திரை ஒன்றைக் கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கரியும் நைட்ரஜனும் போட்டார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கூடவே பாஸ்பரஸும் போட்டார்கள். பாஸ்பரஸ் போன பக்கம் பச்சையாகத் திரண்டது. மறுபக்கம் தெளிந்தே கிடந்தது. வானிலிருந்து எடுத்த அந்த ஏரியின் படம் சலவைத்தூளில் பாஸ்பரஸ் அடங்கிய பாஸ்பேட் வேண்டுமா என்ற நீண்ட வாதத்துக்கு எந்த அறிக்கையையும் விட வலுவான சாட்சியாக நின்றது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர் அந்தப் படத்தின் நகலைத் தன் மேசைக் கண்ணாடியின் அடியில் வைத்திருந்தார். "இதை நம்பு. ஆனால் நம் ஆறு ஏரி இல்லை என்பதையும் மறந்துவிடாதே" என்பார்.

அவர் சொன்னதன் பொருள் எனக்குப் பிடிபடச் சில ஆண்டுகள் ஆயின.

சாதாரண ஆற்றில் ஒரு கட்டையைப் போட்டால் அது போய்க்கொண்டே இருக்கும். ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம், ஏறும் ஆற்றில் போட்ட கட்டை, கடல் இறங்கும் வற்றத்தில் சில கிலோமீட்டர் கீழே போகும். ஆறு மணி நேரத்தில் ஏற்றம் அதை மறுபடி மேலே கொண்டுவரும். மேலிருந்து வரும் ஆற்றுப் பெருக்குதான் அதைச் சிறிது சிறிதாகக் கடல் பக்கம் தள்ள வேண்டும். மழை இல்லாத கோடையில் அந்தத் தள்ளுதல் மிகவும் மெலிந்துவிடும். ஒரே நீர் வாரக்கணக்கில் முன்னும் பின்னும் ஊசலாடிக்கொண்டிருக்கும். பாசிக்கு இரட்டிப்பாக ஓரிரு நாள் போதும். அதற்கு வேண்டியது உணவு, வெயில், தன்னை யாரும் அடித்துச் செல்லாத அவகாசம். ஓத ஆறு கோடையில் இந்த மூன்றையும் கொடுக்கிறது.

அதிலும் எல்லா இடத்திலும் ஒரேபோலக் கொடுப்பதில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஓடும் ஜேம்ஸ் ஆறு இதற்கு நல்ல பாடம். ரிச்மண்ட் நகரத்தின் பாறை வீழ்ச்சிக்குக் கீழே ஓதம் தொடங்குகிறது. அங்கே ஆறு ஒடுங்கியும் ஆழமாகவும் இருப்பதால் பாசி ஒளி போகாத ஆழத்திலேயே பாதி நேரம் சுழன்றுகொண்டிருக்கும். சத்து நிறைய இருந்தும் பெருக முடியாது. ஹோப்வெல் அருகே ஆறு திடீரென்று அகன்று ஆழம் குறைகிறது. பாசி உச்சத்துக்குப் போவது அங்கேதான். சத்தை விட்டது மேலே, பச்சையானது கீழே. ஹோப்வெல்லில் கரையோரம் நிற்பவருக்கு அருகில் உள்ள குழாயின் மீதுதான் சந்தேகம் வரும். என் ஆற்றிலும் இதே தவறான சண்டையைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி உப்பு. நன்னீர்ப் பகுதியில் ஆற்றடி வண்டலில் இருக்கும் இரும்பு, பாஸ்பரஸைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. கடல் நீரில் சல்பேட் மிகுதி. காற்றில்லாத சேற்றில் அது சல்பைடாக மாறி இரும்பைத் தன்வசம் இழுத்துக்கொள்ளும். பிடி தளர்ந்த பாஸ்பரஸ் நீருக்குத் திரும்பும். ஆகவே கடலுக்கு அருகில் பாஸ்பரஸுக்குப் பெரும்பாலும் பஞ்சம் இருப்பதில்லை, நைட்ரஜனுக்குத்தான் பஞ்சம். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும் நீலப்பச்சைப் பாசி வகைகள் ஏரிகளில் அந்தக் குறையை ஈடுசெய்யும். உப்பு நீரில் அவை அவ்வளவாகத் தலையெடுப்பதில்லை. மேலே பாஸ்பரஸ் ஆளுகிறது, கீழே நைட்ரஜன் ஆளுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லை மழைக்கும் பருவத்துக்கும் ஏற்ப மேலும் கீழும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இந்த ஆற்றுக்கு எது எல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் கேட்பவர்களுக்கு என்னால் பதில் தர முடியாததற்குக் காரணம் இதுதான்.

இதைக் கவனிக்காததன் விலையை வட கரோலினாவின் நியூஸ் ஆறு கொடுத்தது. 1988-ல் அந்த மாநிலத்தில் பாஸ்பேட் சலவைத்தூள் தடைசெய்யப்பட்டது. மேலாற்றின் நன்னீர்ப் பகுதியில் பாசி குறைந்தது. வெற்றிதான். ஆனால் முன்பு அந்தப் பாசி தின்றுகொண்டிருந்த நைட்ரஜன் இப்போது உண்ண ஆளில்லாமல் கீழே வழிந்து கழிமுகத்துக்குப் போனது. அங்கே நைட்ரஜனுக்காகக் காத்திருந்த பாசி அதை எடுத்துக்கொண்டது. 1990-களில் அந்தக் கழிமுகத்தில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்த பின்புதான் நைட்ரஜனை 30 விழுக்காடு குறைக்க வேண்டும் என்ற விதி வந்தது. ஒரு தெருவின் குப்பையை அடுத்த தெருவில் கொட்டியதைப் போன்ற காரியம் இது. செய்தவர்களுக்கு அந்த நோக்கம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏரிக்குப் பாஸ்பரஸை மட்டும் கட்டுப்படுத்தினால் போதும் என்று வாதிடும் அறிஞர்கள் இருக்கிறார்கள். ஏரியைப் பொறுத்தவரை எனக்கு அவர்களோடு வழக்கில்லை. கடலில் சென்று சேரும் ஆற்றுக்கு இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

அந்தப் பெண்மணியின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டதை அவருக்கு முன்பே ஒரு தலைநகரம் கேட்டிருக்கிறது.

வாஷிங்டன் நகரத்தை ஒட்டி ஓடும் பொட்டோமாக் ஆற்றில், நகரத்துக்குச் சற்று மேலே தொடங்கும் ஓதப் பகுதி சுமார் 180 கிலோமீட்டர் நீண்டு சேசபீக் விரிகுடாவில் முடிகிறது. நகரத்தின் கழிவுநீர் ப்ளூ ப்ளெயின்ஸ் நிலையத்துக்குப் போகிறது. 1938-ல் அது இயங்கத் தொடங்கியபோது திடப்பொருளைப் படியவைத்து எடுப்பதுதான் சுத்திகரிப்பு. கரைந்த சத்து அப்படியே ஆற்றுக்குப் போயிற்று. நகரம் வளர்ந்தது. 1960-களின் கோடைகளில் மைக்ரோசிஸ்டிஸ் ஆற்றின் மேல் தடித்த பச்சை ஆடையாகப் படர்ந்து, கரையில் ஒதுங்கி அழுகி நாறியது. 1965-ல் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் அந்த ஆற்றின் நிலையைத் தேசிய அவமானம் என்றார். 1972-ல் தூய நீர்ச் சட்டம் வந்தது. அதன்பின் நிலையத்தில் இரும்பு உப்பைக் கலந்து பாஸ்பரஸைக் கட்டியாக்கிப் பிரித்தெடுக்கும் முறை வந்தது. வெளியேறும் நீரில் லிட்டருக்கு 0.18 மில்லிகிராமுக்கு மேல் பாஸ்பரஸ் இருக்கக் கூடாது என்று வரம்பு வந்தது. மிகக் கடுமையான வரம்பு அது. 1980-களின் தொடக்கத்துக்குள் ஆற்றின் மேல் ஓதப் பகுதிக்குக் கழிவுநீர் வழியே போன பாஸ்பரஸில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்துவிட்டது.

பிறகு 1983 கோடை வந்தது. மைக்ரோசிஸ்டிஸ் மீண்டும் ஆற்றை மூடியது.

அந்த ஆண்டு அந்த நிலையத்தில் வேலை செய்தவர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சொன்னதையெல்லாம் செய்து முடித்தவர்கள். மக்களின் வரிப்பணம் பெருந்தொகையாகச் செலவாகியிருக்கிறது. சன்னலைத் திறந்தால் பச்சை. எல்லாம் வீண், பாஸ்பரஸ் கோட்பாடே தவறு என்று சொல்வதற்கு அதைவிட ஏற்ற நாள் இருந்திருக்க முடியாது.

வல்லுநர் குழு ஒன்று கூடி ஆராய்ந்தது. அந்தக் கோடையில் ஆற்றுப் பெருக்கு மெலிந்திருந்தது, காற்றும் அடங்கியிருந்தது, வெயில் கொளுத்தியது. இவை தொடக்கம் மட்டுமே. பாசி வளரத் தொடங்கியதும் நீரில் கரைந்த கரியமில வாயுவை வேகமாக உறிஞ்சிக்கொண்டது. அதனால் நீரின் காரத்தன்மை ஏறியது. ஆற்றடி வண்டலில் இரும்போடு ஒட்டிக்கொண்டிருந்த பாஸ்பரஸை அந்தக் காரம் பிரித்துவிட்டது. அது மேலெழுந்து வந்து பாசிக்கு உணவாயிற்று. உணவு கிடைத்த பாசி இன்னும் பெருகி, நீர் இன்னும் காரமாயிற்று. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு தன்னில் கொட்டப்பட்டதை அந்த ஆறு சேற்றிலிருந்து எடுத்துப் பாசிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அன்றைய குழாயில் குற்றம் இல்லை. பழைய பாக்கி அடியில் நின்றது.

அம்மா, உங்கள் கேள்விக்கு என் பதிலின் பாதி இதுதான். ஏழு ஆண்டுகளில் நாம் புதிய கடன் வாங்குவதை நிறுத்தியிருக்கிறோம். ஆறு இன்னும் பழையதைக் கட்டிக்கொண்டிருக்கிறது. பொட்டோமாக்கில் பாஸ்பரஸ் வரம்பைக் கைவிடாமல் தொடர்ந்தார்கள். பாஸ்பேட் சலவைத்தூளை மேரிலாந்து 1985-லும் தலைநகரம் 1986-லும் வர்ஜீனியா 1988-லும் தடைசெய்தன. புதிய வண்டல் பழையதை மூட மூட, வெள்ளம் சிறிது சிறிதாகக் கரைத்துச் செல்லச் செல்ல, அடியிலிருந்து வருவது குறைந்துகொண்டே போகும். அதற்கு எந்தக் குறுக்கு வழியும் இல்லை.

குறுக்கு வழி என்ற பேச்சு வந்ததால் ஒன்று. பாசி கண்ணை உறுத்தும்போதெல்லாம் யாராவது ஒருவர் தாமிர சல்பேட் தூவிவிடலாம் என்பார். பாசி சாகத்தான் செய்யும். செத்த உயிரணுக்கள் உடைந்து உள்ளே இருந்த நஞ்சு நீரில் கலக்கும். மக்கும்போது ஆக்சிஜன் போகும். அதன் உடலில் இருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் அப்படியே நீருக்குத் திரும்பி அடுத்த தலைமுறைப் பாசிக்குக் காத்திருக்கும். ஆறு மணி நேரத்தில் ஏற்றம் வேறு பாசியை அதே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். மூடிய சிறு தொட்டியில் பயன்படுவதை ஓத ஆற்றில் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பதிலின் மறுபாதி நைட்ரஜன். என் ஆற்றில் கட்டிய நிலையம் பாஸ்பரஸை எடுக்கிறது. நைட்ரஜனை ஓரளவுக்குத்தான் எடுக்கிறது. இதை அன்றைய கூட்டத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டையும் எடுக்கும் வேலை வெவ்வேறு. பாஸ்பரஸுக்கு வாயு வடிவம் என்று குறிப்பிடும்படி எதுவும் இல்லை. நீரிலிருந்து எடுத்தால் அது கசடில்தான் போய்ச் சேரும். கசடு எங்கே போகிறது என்று கேட்காதவரை வேலை பாதிதான். ஏற்கெனவே பாஸ்பரஸ் மிகுந்த நிலத்தில் அதைப் பரப்பினால் மழை திரும்ப ஆற்றுக்கே கொண்டுவரும். நைட்ரஜனுக்கோ ஒரு வாசல் திறந்திருக்கிறது. முதலில் காற்றூட்டி, நுண்ணுயிர்களைக் கொண்டு அம்மோனியாவை நைட்ரேட்டாக்க வேண்டும்; பிறகு காற்றை நிறுத்திவிட்டால் வேறு நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனை எடுத்துச் சுவாசித்து, மீந்த நைட்ரஜனை வாயுவாக விட்டுவிடும். அது வந்த காற்றுக்கே திரும்பிப் போய்விடுகிறது. அந்த இரண்டாம் கட்ட உயிர்களுக்கு உண்ணக் கரிப்பொருள் வேண்டும். ப்ளூ ப்ளெயின்ஸில் அதற்கு மெத்தனால் கொடுக்கிறார்கள். நாளொன்றுக்கு 145 கோடி லிட்டர் அளவுக்குக் கழிவுநீரைக் கையாளக்கூடிய அந்த நிலையத்தில் நைட்ரஜனை மேலும் குறைக்கும் பணிக்கு ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவாயிற்று. 2010-களின் நடுவில் அது முடிந்தது. எல்லாம் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. காற்றூட்டும் தொட்டியின் ஒரு பகுதியில் காற்றை நிறுத்தி நிறுத்தி விடுவதாலேயே சில நிலையங்களில் கணிசமாக நைட்ரஜன் குறைவதை நேரில் பார்த்திருக்கிறேன்; அங்கே தேவைப்பட்டது கவனமான ஆள்தான்.

குழாயில் வருவதைக் குழாயில் பிடிக்கலாம். வயலிலிருந்து கசிவதை எங்கே பிடிப்பது? 2010-ல் சேசபீக் விரிகுடாவுக்கு ஆண்டு வரம்பு வகுத்தார்கள். 18.59 கோடி பவுண்டு நைட்ரஜன், 1.25 கோடி பவுண்டு பாஸ்பரஸ். அதற்கு மேல் கூடாது. ஆறு மாநிலங்களும் தலைநகரமும் இந்தச் சுமையைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன. 2025 கெடு. கழிவுநீர் நிலையங்கள் தங்கள் பங்கைக் கெடுவுக்குப் பல ஆண்டுகள் முன்பே முடித்தன. வேளாண்மைதான் பின்தங்கியது. இதற்காக உழவர்களைத் திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. நிலையத்துக்கு ஒரு வாசல், ஒரு மானி, ஒரு பொறுப்பாளர். வயல்களோ பல்லாயிரம். இட்ட உரத்தில் பயிர் எடுக்காதது நைட்ரேட்டாக நிலத்தடி நீரில் இறங்கி, பல ஆண்டுகள் மண்ணுக்குள் நடந்து, ஒரு நாள் ஓடையில் ஊற்றெடுக்கும். இன்று உரத்தைக் குறைத்த உழவர் அதன் பலனை அடுத்த ஓடையில் பார்க்கப் பத்தாண்டு ஆகலாம். அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவே நிலத்தை வெறுமையாக விடாமல் மூடுபயிர் போடுவதும், ஓடைக்கரையில் மரமும் புல்லும் நிற்க இடம் விடுவதும், மண்ணைச் சோதித்துவிட்டு உரம் இடுவதும் பலன் தருபவை. ஆனால் பலன் வரும்வரை அவற்றைச் செய்பவருக்கு யாராவது கைகொடுக்க வேண்டும். அறிவுரை மட்டும் கொடுத்துவிட்டு வருவது நியாயமில்லை.

காற்றையும் விட்டுவிடக் கூடாது. வாகனப் புகையும் அனல் மின் நிலையப் புகையும் நைட்ரஜனை மழையோடு இறக்குகின்றன. சேசபீக்குக்கு வந்துகொண்டிருந்த நைட்ரஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வானிலிருந்தே வந்ததாகக் கணக்கிட்டார்கள். புகைபோக்கிக்குக் கட்டுப்பாடு வந்த பின் பொட்டோமாக்கின் மேற்பகுதியில் உள்ள காட்டோடைகளில் நைட்ரேட் குறைந்தது. அங்கே வயலும் இல்லை, வீடும் இல்லை. குறைந்ததற்குக் காற்றைத் தவிர வேறு காரணம் தேடக் கடினம்.

ஜேம்ஸ் ஆற்றுக்கு வர்ஜீனியா 2005-ல் செய்ததை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். நைட்ரஜன் எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு என்பதோடு நிற்காமல், பாசி எவ்வளவு இருக்கலாம் என்பதற்கே வரம்பு வைத்தார்கள். ஓதப் பகுதியை நன்னீரிலிருந்து உப்புநீர் வரை ஐந்து துண்டுகளாகப் பிரித்து, இளவேனிலுக்கும் கோடைக்கும் தனித்தனியே, லிட்டருக்கு 10 முதல் 23 மைக்ரோகிராம் வரை பச்சையத்தின் அளவை நிர்ணயித்தார்கள். பின்னர் அந்த எண்களைத் திருத்தவும் செய்தார்கள். எண்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடலாம். ஆனால் ஆற்றைக் கேட்டு முடிவு செய்யும் முறை இது. குழாயில் எண் சரியாக இருந்தால் வேலை முடிந்தது என்று நிலையம் கைகழுவ முடியாது. வடிதாள் இன்னும் பச்சையாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். வடிதாளைக் கையில் பிடிப்பவன் என்பதால் இந்த முறையின் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு.

வண்டலைப் பற்றி ஒரு சங்கடமான உண்மையும் இருக்கிறது. ஓதம் கிளறும் வண்டலால் நீர் கலங்கியிருக்கும்வரை பாசிக்கு வெயில் குறைவு. கரை அரிப்பைத் தடுத்து வண்டலைக் குறைத்தால் நீர் தெளியும்; சத்து குறையாமல் நீர் மட்டும் தெளிந்தால் முதலில் மகிழ்வது பாசிதான். நல்ல வேலை செய்த பிறகு ஆறு கெட்டுவிட்டது போலத் தெரியும் இந்த இடைக்காலத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவைக்காமல் விட்டால் மக்கள் நம்பிக்கை இழப்பார்கள். இழந்தார்கள், நான் பார்த்தேன்.

அந்தத் தெளிவுக்கு இன்னொரு வாரிசும் உண்டு. நீருக்கடியில் வேரூன்றி வளரும் புல்பூண்டுகள். வெயில் அடிவரை இறங்கினால் அவை முளைக்கும். முளைத்துவிட்டால் நீரின் வேகத்தைத் தணித்து வண்டலைப் படியவைக்கும், சத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும், மீன்குஞ்சுகளுக்கு மறைவிடம் தரும். பொட்டோமாக்கின் ஓத நன்னீர்ப் பகுதியில் 1970-களின் இறுதியில் தேடியபோது அவை ஏறக்குறைய அற்றுப்போயிருந்தன. 1983-லேயே, அந்தப் பச்சை வெள்ளம் வந்த அதே ஆண்டிலேயே, அவை திரும்பி வரத் தொடங்கியிருந்தன. அவற்றில் முன்னால் நின்றது ஹைட்ரில்லா. அந்த நாட்டுக்கு அந்நியமானது, படகுகளின் சுழலியில் சிக்கி எரிச்சலூட்டியது. பலர் அதை அழிக்கச் சொன்னார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல, ஆற்றில் நைட்ரஜன் குறையக் குறைய, அந்த ஆற்றுக்கே உரிய தாவரங்கள் அதனோடு கலந்து பெருகின. பாசி ஆற்றை மூடியிருந்த அந்தக் கோடையில் யாராவது குனிந்து அடியைப் பார்த்திருந்தால், மீட்சி ஏற்கெனவே வேர்விட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள்.

அந்தச் செய்தியைப் படித்த பிறகு எங்கள் வேலையில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம். வற்றம் முழுதாக இறங்கியிருக்கும் நேரத்தில், ஆழம் குறைந்த ஓரங்களில் படகை நிறுத்தி, நீண்ட கயிற்றில் கட்டிய இரும்பு வாரியை எறிந்து அடியோடு இழுப்போம். பன்னிரண்டு இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை. நான்கு ஆண்டுகளாக வாரியில் சேறும் சிப்பியும் நெகிழிப் பையும்தான் வந்தன. பதிவேட்டில் பன்னிரண்டு சுழிகளை எழுதிவிட்டுத் திரும்புவோம்.

சென்ற மாதம், மேல்பகுதியில் நன்னீர் முடியும் இடத்துக்கு அருகே, ஐந்தாம் இடத்தில் இரண்டாம் எறிதலில் வாரியின் பற்களுக்கிடையே ஒரு தண்டு வந்தது. விரல் நீளம். சேறு பூசியிருந்தது. ஆற்று நீரில் அலசியபோது நாடா போன்ற மூன்று இலைகள் தெரிந்தன. கீழே வெள்ளை வேர். அதே இடத்தில் மூன்றாவது எறிதலில் எதுவும் வரவில்லை. எட்டாம் இடத்தில் இன்னொன்று வந்தது. அன்று வடிதாள் வழக்கம்போலப் பச்சையாகத்தான் இருந்தது. இரண்டு தண்டுகளையும் ஈரத் துணியில் சுற்றி எடுத்துவந்து, தாளில் ஒட்டி உலர்த்தி, தேதியும் இடமும் எழுதிவைத்திருக்கிறேன். அடுத்த பொதுக்கூட்டம் மழைக்காலத்துக்கு முன்பு நடக்கும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போகிறேன். அந்தப் பெண்மணி வந்தால் அவர் கையில் கொடுப்பேன்.